மூலம் நகர்ந்த பிறகு: லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களை வாசித்தல்

2021. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு சென்சார் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தோம். டீமில் சேர்ந்து ஆறேழு மாதமே ஆகியிருந்த ஒரு பெண் அதில் ஒரு பகுதியை முடித்து, கோட் ரிவ்யூவுக்கு எனக்கு அனுப்பியிருந்தார். சிப்பிடம் ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு, அது தயாராகும்வரை 5 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு அவர் 'எம்ஸ்லீப்' என்ற ஃபங்க்ஷனைப் போட்டிருந்தார். நான் பெரிதாக யோசிக்காமல் அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: 20 மில்லிசெகண்டுக்குக் குறைவான காத்திருப்புக்கு எம்ஸ்லீப் கூடாது, 'யூஸ்லீப்-ரேஞ்ச்' போடுங்கள். கூடவே கெர்னலின் ஆவணம் ஒன்றின் முகவரியையும் ஒட்டினேன்.

மதியம் அவர் என் இடத்துக்கு வந்தார்.

"ண்ணா, நம்ம போர்டுல அளந்து பாத்தேன். அஞ்சு கேட்டா ஆறைத் தாண்டவே இல்ல. இருபதுன்னு எங்கயும் வரல."

"டாக்ல இருபதுன்னு போட்டிருக்கே. செக்பேட்ச்சும் வார்னிங் குடுக்குது பாருங்க. மாத்திருங்க."

மாற்றிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. எதுவும் உடையவில்லை, எந்தக் கருவியும் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த ரிவ்யூவிலும் "அளந்து பாத்தேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நல்ல ஜூனியர் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவர் அளந்தது சரி. நான் காட்டிய ஆவணம்தான் பழசாகிப் போயிருந்தது. இது எனக்கு உறைக்க மூன்றரை ஆண்டுகள் ஆயின. இந்தக் கட்டுரை அந்த ஆவணத்தைப் பற்றியது. அதைப் போன்ற ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கும் ஓர் அடைவைப் பற்றியதும்கூட. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோன் முதல் பெரும்பாலான சர்வர்கள்வரை அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலுக்குள், 'டாக்குமெண்டேஷன்' என்ற பெயரில் அந்த அடைவு இருக்கிறது. பொறியாளர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள், மேற்கோள் காட்டுவார்கள், திட்டுவார்கள். ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசிப்பவர்கள் குறைவு. நானும் வாசித்தவனில்லை. அந்தத் தவறுக்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

*

முதலில் அந்த 20 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

கெர்னலுக்கு ஒரு துடிப்பு உண்டு. நொடிக்கு 100 தடவை, 250 தடவை, 1000 தடவை என்று, கெர்னலைக் கட்டும்போதே முடிவு செய்துவிடுவார்கள். எம்ஸ்லீப் இந்தத் துடிப்பை எண்ணித்தான் தூங்கும். மணிக்கு ஒரு பஸ் வரும் ஊரில் பத்து நிமிட வேலைக்குப் போனாலும் அடுத்த பஸ்ஸில்தானே திரும்ப முடியும்? அதேதான் இங்கும். நொடிக்கு 100 துடிப்பு என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவே 10 மில்லிசெகண்ட். நீங்கள் 5 கேட்டால், கேட்டதற்குக் குறையக் கூடாது என்பதற்காக ஒரு துடிப்பைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே 20 வரை போகலாம். நொடிக்கு 1000 துடிப்பு என்றால் அதே கணக்கில் 6-க்குள் முடிந்துவிடும். எங்கள் போர்டில் இருந்தது 1000.

2010-ல், அதிநுட்ப டைமரை வைத்துத் தூங்கும் யூஸ்லீப்-ரேஞ்ச் கெர்னலுக்குள் வந்தபோது, எதை எப்போது பயன்படுத்துவது என்று சொல்ல ஒரு சிறு குறிப்பும் கூடவே வந்தது. டைமர்ஸ்-ஹவ்டு என்று பெயர். 1-லிருந்து 20 மில்லிசெகண்டுக்குள் எவ்வளவு கேட்டாலும் எம்ஸ்லீப் 20 வரை இழுத்துவிடும் என்று எச்சரித்தது அதுதான். நல்ல குறிப்பு. இரண்டு பக்கம்கூட இராது. நேராகப் பேசும், கேள்வி கேட்டுப் பதில் சொல்லும். தயங்கி நிற்கும் ஒரு டிரைவர்காரனின் தோளில் கைபோட்டுப் பேசுவது போன்ற தொனி. அது பரவியதற்கு அந்தத் தொனியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 20 என்ற வரியில், எந்தத் துடிப்புக்கு இந்தக் கணக்கு என்ற பேச்சு இல்லை.

பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். பேட்ச் அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டிய செக்பேட்ச் என்ற கருவி, 20-க்குக் குறைவாக எம்ஸ்லீப் கண்டால் இந்தக் குறிப்பைச் சுட்டி எச்சரிக்க ஆரம்பித்தது. 2016-ல், 4.8 பதிப்பில், தாமஸ் க்ளெய்க்ஸ்னர் டைமர் சக்கரத்தை அடியோடு மாற்றி எழுதினார். காத்திருப்பு நீளமானால் எழுப்புவதும் கொஞ்சம் தள்ளிப்போகலாம், அதிகபட்சம் 12.5 சதவீதம் என்பது புதிய ஏற்பாடு. குறிப்பு அப்படியே இருந்தது. 2019-ல் அந்தக் கோப்பு சாதா எழுத்திலிருந்து புதிய அலங்கார வடிவத்துக்கு மாற்றப்பட்டது. பெயரின் வால் மாறியது, தலைப்புகள் ஒழுங்காயின. உள்ளே சொன்ன விஷயம் அப்படியே இருந்தது. 2020-ல் எஃப்ஸ்லீப் என்ற புதிய ஃபங்க்ஷன் வந்தது. எவ்வளவு தூங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எந்த முறையில் தூங்குவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் வேலை. எந்த விதியை வைத்துப் பார்த்துக்கொண்டது? அதே பழைய குறிப்பின் விதியை வைத்து.

இங்கேதான் எனக்குத் திக்கென்றது. ஆவணம் காலாவதியானால் யாரோ ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வார், அவ்வளவுதானே என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே ஆவணம் கோடாகவே மாறிவிட்டது. கருவியாகி எச்சரித்தது, ஃபங்க்ஷனாகி ஓடியது, என் வாய் வழியாக ஒரு ஜூனியரின் அளவீட்டை வாயடைக்க வைத்தது.

2024-ல் ஏசிபிஐ பகுதியில் எந்த முறையில் தூங்குவது என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை ஒட்டி அன்னா-மரியா பென்சன் என்ற டைமர் நிபுணர் இந்தக் குப்பையைத் துழாவப் போனார். அவர் அனுப்பிய பேட்ச் வரிசை வெறும் ஆவணத் திருத்தம் இல்லை. பழைய குறிப்பைச் சுட்டிய இடங்களையெல்லாம் தேடித் திருத்தினார். செக்பேட்ச்சின் எச்சரிக்கையை எடுத்தார். எஃப்ஸ்லீப்பை உண்மை நிலவரத்துக்கு ஏற்ப மாற்றினார். ஃபங்க்ஷன்களின் விளக்கங்களைப் புதிதாக எழுதினார். கடைசியாகத்தான் குறிப்பைத் திருத்தி, பொருள் விளங்கும்படி வேறு பெயரும் வைத்தார். 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் இது சேர்ந்தது. டைமர் சக்கரம் மாறி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

இரண்டு பக்கக் குறிப்பைப் புதுப்பிக்க அவ்வளவு வேலை. அதில் தட்டச்சு செய்யும் வேலை கொஞ்சம்தான், மீதி முழுக்க வாசிக்கும் வேலை.

*

கல்லூரி ஹாஸ்டலில் எங்களுக்கு வேதப் புத்தகம் 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்'. மூன்றாம் பதிப்பு, 2005. காபெட், ரூபினி, க்ரோவா-ஹார்ட்மன் மூவரும் எழுதியது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததால் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, நாலு பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். அது பேசும் கெர்னல் 2.6.10. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது அதற்கு எத்தனையோ பதிப்புகள் தள்ளி. முதல் சில அத்தியாயங்களிலேயே எடுத்துக்காட்டுகள் கம்பைல் ஆகாமல் அடம்பிடிக்கும். தப்பு எங்கள்மேல் என்று நினைத்து ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். நான்காம் பதிப்பு வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கான பதில், நூலாசிரியர்களில் ஒருவரான க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் கெர்னல் ஆவணங்களுக்குள் எழுதிவைத்திருக்கும் இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. கெர்னலின் உள்ளிருக்கும் இடைமுகங்கள் நிலையாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையே அபத்தம் என்று, தலைப்பிலேயே சீண்டி வாதிடும் கட்டுரை அது. வெளியே இருக்கும் பயனர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு மாறாது. ஆனால் உள்ளே எதை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், அதனால்தான் கெர்னல் உயிரோடு இருக்கிறது என்பது அதன் சாரம். வாதம் பலமானது. ஒரு மோசமான முடிவைத் திருத்த முடியாமல் காலம் முழுக்கச் சுமக்கும் மென்பொருள்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் அந்த வாதத்தின் விலையை அந்தக் கட்டுரை பேசுவதில்லை. உள்ளிருப்பது எப்போதும் மாறும் என்பது கொள்கையானால், உள்ளிருப்பதைப் பற்றி எழுதியதெல்லாம் காலாவதியாகும் என்பதும் கொள்கையாகிவிடுகிறது. இடைமுகத்தை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் கோடையெல்லாம் தானே திருத்தித் தர வேண்டும் என்பது கெர்னலின் கறாரான வழக்கம். திருத்தாவிட்டால் கம்பைல் ஆகாது, பேட்ச் உள்ளே போகாது. அதைப் பற்றிய வாக்கியங்களையும் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் வாக்கியம் கம்பைல் ஆகாமல் போவதில்லை. அதனால் அது தப்பித்துக்கொள்கிறது.

தமிழில் இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு உரை என்ற வடிவம் பழக்கமானது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று பலர் உரை எழுதினார்கள். ஒருவர் இன்னொருவரை மறுத்தார்கள், பாடபேதம் காட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. உரை எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தால் நூற்பா அங்கேயேதான் இருக்கும். கெர்னலின் உரையாசிரியருக்கு அந்த நிம்மதி இல்லை. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். இன்று மூலம் சுமார் 4 கோடி வரி. உரை நின்ற இடத்தில் நிற்கிறது, மூலம் அதன் காலடியிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது.

*

இந்த அடைவைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருபவர் ஜோனதன் காபெட். எங்கள் ஸ்பைரல் புத்தகத்தின் முதல் ஆசிரியர். 1998-லிருந்து வரும் எல்டபிள்யூஎன் என்ற லினக்ஸ் இதழின் நிறுவனர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கெர்னலுக்கு எழுதுகிறார்கள், ஆனால் ஆவணம் எழுதுவதை வேலையாகக் கொண்டவர் யாரும் இல்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்.

அவர் காலத்தில் நடந்த பெரிய காரியம் 2016-ல் தொடங்கியது. அதற்குமுன் இந்த அடைவு ஒரு பழைய வீட்டின் பரண் மாதிரி. யார் எதை எழுதினாலும் மேலே தூக்கிப் போட்டார்கள். காபெட்டும் மற்றவர்களும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். நிர்வாகிகளுக்கு ஒரு நூல், டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு நூல், பேட்ச் அனுப்பும் முறைக்கு ஒரு நூல் என்று வாசகரை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். யார் எழுதினார் என்பதிலிருந்து யார் வாசிப்பார் என்பதற்குத் திரும்பிய இந்தத் திருப்பத்தை, இந்தப் பிரதியின் வரலாற்றில் மிக முக்கியமான விமர்சனச் செயல் என்று சொல்வேன். இன்று இணையத்தில் அது ஒழுங்கான நூல்தொகை போலத் தெரிகிறது. தேட முடிகிறது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ முடிகிறது.

எனக்கு இருக்கும் மனக்குறையும் இதே இடத்தில்தான். டைமர்ஸ்-ஹவ்டு 2019-ல் புது உடுப்புப் போட்டுக்கொண்டது என்று சொன்னேன் அல்லவா? அதைப் போல நூற்றுக்கணக்கான கோப்புகள் அந்த ஆண்டுகளில் வடிவம் மாறின. பெரும் உழைப்பு, குறை சொல்ல மனசு வராது. ஆனால் வடிவத்தை மாற்றுபவர் ஒவ்வொரு வாக்கியமும் இன்றைக்கு உண்மையா என்று சோதிக்க முடியாது, அது அவர் வேலையும் இல்லை. விளைவு, 2005-க்கு முந்தைய அறிவு 2019-ன் தேதியோடு, அழகான எழுத்துருவில், பக்கவாட்டுப் பட்டியலோடு நம்மைப் பார்க்கிறது. பரணில் கிடந்த பழைய சாதா எழுத்துக் கோப்புக்கு ஒரு நேர்மை இருந்தது. தூசியைப் பார்த்தாலே பழசு என்று தெரிந்துவிடும், சந்தேகத்தோடு வாசிப்போம். தூசி தட்டியதில் அந்தச் சந்தேகமும் உதிர்ந்துவிட்டது. 2021-ல் நான் அந்த முகவரியை அவ்வளவு நம்பிக்கையோடு ஒட்டியதற்கு, அந்தப் பக்கம் பார்க்கப் புதிதாக இருந்ததும் ஒரு காரணம்.

வரலாற்றைத் தோண்டிப் பார்க்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று கிட் சொல்லும். ஆனால் பல பழைய கோப்புகளில் தோண்டத் தோண்டக் கடைசியில் எல்லாம் ஒரே தேதியில் முட்டி நிற்கும்: 2005 ஏப்ரல் 16. கெர்னல் கிட்டுக்கு மாறியபோது, அதுவரை இருந்த மொத்தமும் 2.6.12-ன் ஒரு முன்வெளியீடாக ஒரே மூட்டையில் உள்ளே வந்த நாள். அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளை அறிய வேறெங்காவது போய்த் தேட வேண்டும். வாக்கியம் மட்டும் இருக்கிறது, அது எந்தச் சண்டையில், எந்த இயந்திரத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது என்பது காணாமல் போய்விட்டது.

*

இதற்கு மருந்தாக முன்வைக்கப்படுவது, விளக்கத்தைக் கோடுக்குப் பக்கத்திலேயே வைப்பது. கெர்னல்-டாக் என்ற முறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் மேலேயே, குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு விளக்கம். கருவி அதை உருவி நூலாக்கும். ஒரு அளபுருவின் பெயரை மாற்றிவிட்டு விளக்கத்தை மறந்தால் கருவி கத்தும். நல்லதுதான். ஆனால் கருவிக்குத் தெரிவது பெயர் இருக்கிறதா என்பது மட்டும்தான். அந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக ஆள் வேலை பார்த்தார் என்று சொல்ல முடியுமா?

இன்னும் ஒருபடி மேலே போனவர்களும் உண்டு. கெர்னலில் மிகக் கடினமான ஆவணம் எது என்று கேட்டால் பலரும் மெமரி-பேரியர்ஸ் என்ற கோப்பைச் சொல்வார்கள். பல ப்ராசசர்கள் ஒரே நினைவகத்தைப் படித்து எழுதும்போது, யார் எழுதியது யாருக்கு எந்த வரிசையில் தெரியும் என்பதைப் பேசும் ஆவணம். ஏறத்தாழ மூவாயிரம் வரி. டேவிட் ஹவெல்ஸ், பால் மெக்கென்னி உள்ளிட்டோர் எழுதியது. உடுப்பு மாற்றும் இயக்கத்துக்குத் தப்பி, இன்றும் சாதா எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது.

இதன் தொடக்கம் எனக்குப் பிடித்த உரைநடைகளில் ஒன்று. இது முழுமையானது இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஆவணம் ஆரம்பிக்கிறது. சுருக்கத்துக்காக வேண்டுமென்றே விட்டவை உண்டு, எழுதியவர்கள் மனிதர்கள் என்பதால் தெரியாமல் விட்டவையும் உண்டு என்கிறது. சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்கிறது. 2018-ல் இந்த விதிகளையே ஓட்டிப் பார்க்கக்கூடிய முறையான மாதிரியாக எழுதி, 4.17-ல் கெர்னலுக்குள் சேர்த்தார்கள். அதைப் பற்றிச் சொல்லும்போதும் தெய்வவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பராமரிப்பவர்களின் கூட்டுக் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

இதைத் தன்னடக்கம் என்று படித்தால் தவறிவிடுவோம். இது ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு. தன் எல்லை எங்கே முடிகிறது என்று ஓர் ஆவணம் சொல்லிவிட்டால், வாசகர் அந்த எல்லைக்கு வெளியே தானே அளந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். டைமர்ஸ்-ஹவ்டுவிடம் இல்லாமல் போனது இதுதான். "நொடிக்கு 100 துடிப்பு உள்ள இயந்திரத்தில்" என்ற ஒரு சொற்றொடர் அந்த வரியில் இருந்திருந்தால், எங்கள் டீமில் அன்று நான் தோற்றிருப்பேன். தோற்றிருக்க வேண்டும்.

*

ஆவணம் எழுதுவது கடைநிலை வேலை என்ற எண்ணம் நம் ஊர் ஐடி கம்பெனிகளில் மட்டும் உள்ளது இல்லை. கோட் எழுதி முடித்த பிறகு, நேரமிருந்தால், யாராவது புதியவரிடம் தள்ளிவிடும் வேலை அது. இந்த எண்ணத்துக்கு எதிராக நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு.

கெர்னல் வெளியுலகுக்குத் தரும் அழைப்புகளை விவரிக்கும் மேன்-பேஜஸ் என்ற தொகுப்பை, 2004-லிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்தவர் மைக்கேல் கெர்ரிஸ்க். 2007-ல் 2.6.22 பதிப்பில் டைமர்எஃப்டி என்ற புதிய அழைப்பு வந்தது. கோட் எழுதி, ரிவ்யூ செய்து, வெளியிட்டாயிற்று. கெர்ரிஸ்க் அதற்கு மேன் பக்கம் எழுத உட்கார்ந்தார். எழுதும்போது, இதைப் போன்ற பழைய டைமர் அழைப்புகளோடு ஒப்பிட்டார். அவற்றில் ஒரு டைமர் அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க முடியும், புதிதாக வைக்கும்போது முந்தைய அமைப்பு என்ன என்று தெரிந்துகொள்ள முடியும். இதில் முடியவில்லை. இதைச் சுட்டிக்காட்டினார். விவாதம் நடந்தது. 2.6.23-ல் அந்த அழைப்பை முடக்கிவைத்தார்கள். 2.6.25-ல் மூன்று அழைப்புகளாகப் பிரித்து, குறை நீங்கிய வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது அதைத்தான்.

பயனருக்குக் கொடுத்த அழைப்பை மாற்றக் கூடாது என்பது கெர்னலின் தலையாய விதி. இன்னும் சில பதிப்புகள் தாண்டியிருந்தால் அந்தக் குறை நிரந்தரமாகியிருக்கும். அதைத் தடுத்தது ரிவ்யூவும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை. "இது என்ன செய்கிறது, இதை ஒருவர் எதற்குப் பயன்படுத்துவார்" என்று மனித மொழியில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்த ஒருவர். கோட் எழுதுபவர் அது ஓடுகிறதா என்று பார்க்கிறார். விளக்கி எழுதுபவர்தான் அது அர்த்தமாகிறதா என்று முதன்முதலில் கேட்கிறார். நல்ல இலக்கிய விமர்சகர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே?

கெர்ரிஸ்க்குக்குப் பின் மேன்-பேஜஸை ஏற்றுக்கொண்டவர் அலெஹாந்த்ரோ கொலோமார். 2024 செப்டம்பரில் அவர், சம்பளமில்லாமல் இனி இதைத் தொடர முடியாது என்று பணியை நிறுத்திவைத்தார். பிறகு சில நிறுவனங்கள் சேர்ந்து நிதி தர முன்வந்ததும் வேலை மீண்டும் தொடங்கியது. உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு மென்பொருளின் விளக்கம், ஒரு மனிதரின் சேமிப்பும் பொறுமையும் தீரும் புள்ளியில் நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வேலையின் மதிப்பு அது நின்றபோதுதான் கண்ணில் பட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

*

"கோடே ஆவணம்தான், அதைப் படி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள், நானும் ஒருகாலத்தில் சொன்னேன். கோட் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும். எது நடக்கும் என்று நம்பலாம், எது இன்றைக்குத் தற்செயலாக அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. எம்ஸ்லீப்பின் பழைய கோடைப் படித்தால் ஒரு துடிப்பு கூட்டியது தெரியும். அது வாக்குறுதியா, வசதிக்காகச் செய்ததா என்பது தெரியாது. அந்த வித்தியாசத்தை மனிதர் ஒருவர் மனிதருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது இயந்திரமே கோடைப் படித்து விளக்கம் எழுதித் தருகிறது. எங்கள் டீமிலும் பயன்படுத்துகிறோம், சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் டைமர்எஃப்டியின் பழைய கோடை அதனிடம் கொடுத்து விளக்கச் சொன்னால், இருப்பதை அழகாக விளக்கிவிடும் என்பதுதான் என் அச்சம். இல்லாமல் போன ஒன்றைக் கண்டு "இது போதாதே" என்று நின்றது, பக்கம் எழுதியவர் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்ததால். பக்கம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் அந்த வாசிப்பு நடக்காமலே போய்விடலாம்.

கெர்னல் ஆவணங்களுக்குள் மொழிபெயர்ப்புகளுக்கு ஓர் இடம் உண்டு. சீனம், ஜப்பான், கொரியா, இத்தாலி, ஸ்பெயின் மொழிகளில் சில பகுதிகள் இருக்கின்றன. மூலம் மாறியும் மொழிபெயர்ப்பு மாறாமல் கிடக்கும் கோப்புகளைக் கண்டுபிடிக்க 2024-ல் ஒரு சிறு நிரலும் சேர்ந்தது. தமிழ் அங்கே இல்லை. தமிழில் வர வேண்டும் என்று உணர்ச்சிவசப்பட்டுக் கோர எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு வார இறுதியில் பத்துப் பேர் சேர்ந்து மொழிபெயர்த்துவிடலாம். அடுத்த பத்தாண்டுக்கு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? அந்த ஒருவர் கிடைத்த பிறகு ஆரம்பிப்பதுதான் நேர்மை.

*

6.13 வந்த வாரத்தில் அந்தப் பேட்ச் வரிசையை முழுக்கப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது: 2021-லேயே இதை நான் செய்திருக்கலாம். முழுவதும் இல்லை, அந்த அறிவு எனக்கில்லை. ஆனால் "இந்த வரி எங்கள் போர்டில் பொருந்தவில்லை, இதோ அளவீடு" என்று இரண்டு பத்தி எழுதி அனுப்பியிருக்கலாம். அளவீடு என் மேசைக்கே வந்தது. ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆவணத்தைக் காட்டி நான்தான் திருப்பி அனுப்பினேன். ஆவணத்தை மதிப்பது என்றால் அதற்குக் கீழ்ப்படிவது என்று நினைத்திருந்தேன்.

அவர் இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருக்கிறார். பேட்ச்சின் முகவரியை அனுப்பி, அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அந்த அளவீடு ஃபைல் இன்னும் என்கிட்ட இருக்குண்ணா. அனுப்பட்டுமா?"

அனுப்பச் சொன்னேன். போர்டின் பெயர், கெர்னல் பதிப்பு, துடிப்பு 1000, ஆயிரம் தடவை தூங்கி எழுந்த நேரங்கள் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. மேலே தேதியும் போட்டிருந்தார். நான் ஒட்டிய ஆவணத்தில் இல்லாத அத்தனையும் அந்தக் கோப்பில் இருந்தன.